மடங்கிய அட்டை

வாஷ்பேசின் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கண்ணை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். புத்தியை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இருபது வருஷமாக பிளம்பர் வேலை செய்கிறேன், விதிவிலக்கு என்று ஒன்றிரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது என்னை வேலைக்குக் கூப்பிட்ட இந்த ஆபீஸ் மேனேஜர் அதில் சேர்த்தி இல்லை.

வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும். இருப்பது ஒரே பாத்ரூம், அகலம் நாற்பத்திரண்டு அங்குலம். கதவு உள்பக்கம் திறக்கும். வெளிப்பக்கம் திருப்பினால் சமையல் மேடையில் முட்டும். அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, நாலு மாதமாக ஒரு நர்ஸ்தான் பாத்ரூமுக்குப் பிடித்து அழைத்துப் போகிறாள். இனிமேல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தனியாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

"வேற ஒண்ணும் வேணாம் தம்பி. உள்ள போய் கதவ நானே சாத்திக்கணும். அது போதும்," என்றார் அந்த அம்மா என்னிடம்.

"மூலையில மாட்டுற சின்ன பேசின் போடுங்க சார். அம்மா தாராளமா போவாங்க," என்றேன்.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "அதெல்லாம் ஓட்டல்ல கை கழுவ வைக்கிறது." போனில் ஒரு படத்தைக் காட்டினார். நீள்சதுரம், கத்தி மாதிரி விளிம்பு, சுவரிலிருந்து பதினெட்டு அங்குலம் நீட்டல். படத்திலிருந்த பாத்ரூமில் குதிரையைக் கட்டி வளர்க்கலாம்.

மீதி இருபத்துநாலு அங்குலம். வாக்கரின் அகலம் இருபத்தைந்து. ஒரு அங்குலத்தை வாயால் விளக்கினால் இந்த ஆட்களுக்கு ஏறாது. அதனால் எப்போதும் செய்வதைச் செய்தேன். பேசின் அளவுக்கு அட்டைப் பெட்டியை வெட்டிச் சுவரில் ஒட்டி, ஒருநாள் புழங்கிப் பார்க்கச் சொன்னேன்.

ஒருநாள் எதற்கு? மேனேஜர் அப்போதே தொப்பையை எக்கிக்கொண்டு உள்ளே போய், வெளியே வந்தார். பிறகு அம்மாவை வரச் சொன்னார். வாக்கர் அட்டையில் இடித்தது, அட்டை மடங்கியது, அம்மா தாண்டிவிட்டார். கதவையும் சாத்த முடிந்தது.

"போகுதா இல்லையா?" என்று கைதட்டினார்.

"சார், அட்டை மடங்கிடுச்சு. பீங்கான் மடங்காது."

"நீ மாட்டுற ஆளு. மாட்டு."

ஆபீசில் இவர் கையெழுத்துக்கு நாற்பது பேர் காத்திருக்கிறார்களாம். அந்த நாற்பது பேரை நினைத்தால் பாவமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் காலை வாயை மூடிக்கொண்டு மாட்டினேன். அதற்காக என் முகத்திலும் துப்பலாம்.

சிமெண்ட் காய்ந்த பிறகு, குழாயைச் சரிபார்க்கப் போயிருந்தேன். அம்மா ஆசையாக வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். டங்! இன்னொரு தடவை, டங்! முன்னால் போக வழியில்லை, அவர் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் கதவு திரும்பி மூட வேண்டும், சாத்த முடியவில்லை. நாலு மாதம் காத்திருந்த முகம் அப்படியே சுருங்கிப்போனது.

மேனேஜர் அசரவில்லை. "கதவ திறந்தே வெச்சுக்கங்கம்மா. வீட்ல நாமதானே இருக்கோம்?"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருக்கியா? இந்தக் கதவக் கழட்டிடு. நாமதானே இருக்கோம், கதவு எதுக்கு?"

"அம்மா, என்னம்மா நீங்க..."

"வீடு என் பேர்லதான் இருக்கு. கழட்டு தம்பி."

இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. மேல் கீல் வந்தது. நடுக் கீல் வந்தது. மேனேஜர் பாத்ரூமையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கூடத்துச் சோபாவிலிருந்து உள்ளே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"அந்த மூலை பேசின்..." என்று இழுத்தார். "இன்னிக்கே கிடைக்குமா?"

"கிடைக்கும் சார்."

"வாங்கிட்டு வந்து மாட்டட்டும்," என்றார் அம்மா. "நான் உள்ள போய் சாத்திக்கிற அன்னிக்குத்தான் உனக்கும் கதவு."

கடைசிக் கீலையும் கழற்றிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினேன்.