கேட்காமல் எழுதியது

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. வார இதழின் ஆசிரியர் பேசினார்.

"கல்விச் சிறப்பிதழ் வருது சார். எம்.ஐ.எஸ். படிக்கிற பசங்களுக்கு என்னென்ன வேலை கிடைக்கும்னு எழுதணும். ஆனா கட்டுரை வேணாம், யாரும் படிக்கிறதில்ல. கதைன்னா ஏமாந்து படிச்சிடுவாங்க."

எம்.ஐ.எஸ். என்பது மேலாண்மைத் தகவல் முறைமை. ஓர் அலுவலகத்தில் யாருக்கு எந்தத் தகவல் எப்போது வேண்டும், அது எந்த வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லித் தருகிற படிப்பு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுவும் என் தங்கை படித்ததால் தெரியும். மேலே தெரிய வேண்டுமானால் அவளைத்தான் கேட்க வேண்டும். அவள் என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது.

சரி என்று சொல்லிவிட்டேன். தொடர்கதைக்காரன் எதற்கும் முடியாது என்று சொல்வதில்லை.

2

முதல் தொடக்கம்: "கணினித் திரையின் நீல வெளிச்சம் அவள் முகத்தில்..."

(அடித்துவிட்டேன். நான் எழுதிய எல்லாக் கணினிப் பெண்களின் முகத்திலும் இந்த வெளிச்சம் விழுந்தாயிற்று.)

இரண்டாவது தொடக்கம்: "எம்.ஐ.எஸ். படித்தவர்கள் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் ஆகலாம். டேட்டாபேஸைப் பராமரிக்கலாம். தகவல் தணிக்கையாளர் ஆகலாம். தொழிற்சாலையில் சரக்கு இருப்பைக்..."

(இது ஆசிரியர் வேண்டாம் என்ற கட்டுரை.)

மூன்றாவது: "அவள் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள்."

இது நன்றாக இருக்கிறது. சிக்கலும் இதில்தான். இந்தப் பென்சிலை நான் ஏற்கெனவே ஒரு முறை எடுத்துப் பயன்படுத்திவிட்டேன்.

3

முன்பு இதே வார இதழில் நான் எழுதிய ஒரு தொடரின் பதினான்காம் அத்தியாயம். மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் பயிற்சிக்கு வந்த கதாநாயகி, டாக்டர் மேல் இருந்த கோபத்தில் ஒரே பட்டனைத் தட்டி எல்லா நோயாளிகளின் விவரத்தையும் அழித்துவிடுகிறாள். கொண்டையில் பென்சில் வைத்திருப்பாள். கேள்வி கேட்கும் முன் நகத்தால் மேஜையை இரண்டு முறை தட்டுவாள். அந்த வாரம் வாசகர் கடிதங்கள் குவிந்தன.

என் தங்கை அப்போது ஒரு மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் பயிற்சியில் இருந்தாள். பென்சிலும் நகமும் அவளுடையவை. அங்கே நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் அந்த வார இதழ் கிடக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

முதலில் நர்சுகள் சிரித்தார்கள். "ஏம்மா, எங்க ரெக்கார்டெல்லாம் பத்திரமா இருக்கா?" பிறகு மேலாளர் சிரித்தார். பிறகு சிரிக்காமல், அவள் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்தார். மூன்றாம் மாதம் அவளே விலகிக்கொண்டாள்.

"ஒரு பட்டனத் தட்டி யாராலயும் எல்லாத்தையும் அழிக்க முடியாதுண்ணா," என்றாள் என்னிடம். "பேக்கப் இருக்கும். யாரு எப்ப எதத் தொட்டாங்கன்னு பதிவாகும். யாருக்காக எழுதறோமோ அவங்களக் கேக்காம எதையும் எழுதாதேன்னு எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக் குடுத்தாங்க. நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கதைதானேம்மா," என்றேன்.

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.*

* செய்தி அனுப்பக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அனுப்புகிறேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் வரும். அதோடு சரி.

4

அம்மாவைக் கேட்டேன்.

"அவ இப்ப என்ன வேலை பாக்கறா?"

"மாறிட்டா."

"எங்க?"

"நீ கேட்டா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"நான் கேப்பேன்னு சொன்னாளா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "'கேட்டா'ன்னுதான் சொன்னா. 'கேப்பான்'னு சொல்லல."

"நல்லா இருக்காளா? அதையாவது சொல்லலாமா?"

"அதச் சொல்லக் கூடாதுன்னு சொல்லல. நல்லாத்தான் இருக்கா. ஆனா அவ பேசறப்ப பின்னால ஒரே சத்தம்டா. லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி பீப் பீப்னு."

ஆக, என் கதாநாயகியைப் பற்றி என்னிடம் இருக்கும் ஒரே தகவல் பின்னால் வருகிற ஒரு லாரி. எம்.ஐ.எஸ். படித்தவர்கள் வேலை செய்யும் இடங்களில் லாரி எங்கெல்லாம் வரும்? பெரிய குடோனில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்று கணினிக்குச் சொல்லித் தருகிறாளா? தொழிற்சாலையில் புது மென்பொருளை ஓட்டிப் பார்த்து, ஃபோர்மேனிடம் திட்டு வாங்குகிறாளா? அல்லது எந்த வண்டி ஏன் தாமதம் என்று கண்டுபிடித்து, அதை யாரும் படிக்காத அறிக்கையாக...

(எனக்குத் தெரியாது. தெருவில் எந்த லாரி ரிவர்ஸ் எடுத்தாலும் நான் நின்று கேட்கிறேன். அது மட்டும் தெரியும்.)

5

போன ஞாயிறு அம்மாவின் சமையலறைக்குப் போனேன். மிக்சி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தங்கை இரண்டாம் வருடத்தில் செய்த வீட்டுப் பாடம். ஒருவர் செய்யும் வேலையைக் கேட்டு, கட்டமும் அம்புக்குறியுமாக வரைய வேண்டும்.

அன்று அவள் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"காலையில சமையலறைக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"அதென்னடி செய்வீங்க?"

"பாடத்துல அப்படித்தான் கேக்கணும். சொல்லுங்க."

"பால் இருக்கான்னு பாப்பேன்."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்?" நாற்பது நிமிடம் ஓடியது. அம்மாவை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்லச் சொல்ல அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டே போனாள்.

பிறகு தங்கை என் அறைக்கு வந்தாள். "அண்ணா, எழுத உக்காந்ததும் முதல்ல என்ன செய்வே?"

"அதெல்லாம் தானா வரும். போ."

தாளில் அம்மாவுக்குப் பதினெட்டு கட்டங்கள். ஓரத்தில் தனியாக ஒரு கட்டம் இருந்ததை இப்போதுதான் பார்த்தேன். அதிலிருந்து அம்பு எதுவும் கிளம்பவில்லை. உள்ளே பென்சிலில் எழுதியிருந்தாள்: அண்ணன். பிறகு கேட்க வேண்டும்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. நான் ஒரு குடோனுக்குப் போகிறேன். பீப் பீப் சத்தம் நிற்கிறது. லாரிக்குப் பின்னாலிருந்து...

ஆ. வார இதழ் அலுவலகத்துக்குத் தணிக்கைக்கு அவளே வருகிறாள். என் பழைய அத்தியாயத்தை விரலால் தொட்டு, "இத யாரு எழுதினது?" என்று...

இ. இதழ் வெளியான அன்று தொலைபேசி...

மூன்றிலும் அவள் என்னை மன்னிக்கிறாள். எனக்கு அது கைவந்த வேலை. முப்பது அத்தியாயத்துக்குள் யாரை வேண்டுமானாலும் மன்னிக்கவைத்துவிடுவேன். ஆனால் மூன்றையும் அவளைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன். அதனால் மூன்றையும் எடுத்துவிட்டேன்.

7

இந்தப் படிப்பைப் படிக்கிறவர்களே, நீங்கள் என்ன ஆவீர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்தப் பதவிக்குப் போனாலும் ஒரு நாள் ஒருவர் எதிரே உட்கார்ந்து, முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள் என்று தெரிகிறது. அவர் "அதெல்லாம் தானா வரும்" என்றால் எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் கொஞ்சம் உட்காருங்கள். அவருக்குப் பதில் தெரியாது. அதை ஒத்துக்கொள்ள வெட்கம், அவ்வளவுதான்.

என் பதிலை இப்போது சொல்கிறேன். எழுத உட்கார்ந்ததும் முதலில் போனை எடுத்து, அவளிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு திரை மேஜையைப் பார்த்திருக்கும்படி கவிழ்த்து வைப்பேன். பிறகு மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

இந்த இடத்தில் அவளாக இருந்தால் "அப்புறம்?" என்பாள். அவள் கேட்கும்வரை நான் மேலே எழுதுவதாக இல்லை. உங்கள் அலுவலகத்தில், லாரி சத்தத்துக்கு நடுவே, கேட்கும் முன் மேஜையை இரண்டு முறை தட்டுகிற ஒருத்தி இருந்தால், இந்தப் பக்கத்தை அவள் மேஜையில் வைத்துவிடுங்கள். பென்சில் அவளிடமே இருக்கும்.