ஐந்து மரங்களும் ஒரு சொல்லும்

அகராதி அலுவலகத்தில் இருபது வருடமாகச் சொற்களுக்குப் பொருள் எழுதிவந்தவள் அவள். அவள் கணவர் லாரி மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் மூன்று கொய்யா, ஒரு எலுமிச்சை, ஒரு மாதுளை வளர்த்து, அதைத் ‘தோப்பு’ என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்திருந்தான்.

“வாங்க மச்சான், தோப்பைச் சுத்திக் காட்டுறேன்” என்று மெக்கானிக் எழுந்தார்.

“அஞ்சு மரத்துக்குப் பேரு தோப்பாங்க? என் வேலைக்கே உலை வெச்சிடுவீங்க போல!” என்றாள் அவள்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் மறுநாள், “பின்னாடி போய்த் தண்ணி விட்டுட்டு வரேன்” என்றார். அதற்கடுத்த நாளும் ‘பின்னாடி’தான். அவளுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டால், “எதுக்கு?” என்பார் மனிதர்.

அந்த வாரமே ‘தோப்பு’ அவள் மேசைக்கு வந்தது. எத்தனை மரம் இருந்தால் தோப்பு? அவள் புரட்டிய பழைய அகராதி எதுவும் கணக்குச் சொல்லவில்லை. ஒன்றில் மட்டும், ‘தொகு’ என்ற வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. தொகு என்றால் சேர்.

அவர் சேர்த்தவர்தான். மாதுளை, யாரோ பிடுங்கித் தெருவில் எறிந்த கன்று. எலுமிச்சை, லாரிக்காரர் ஒருவர் கொடுத்தது. ஒவ்வொன்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நட்டவர்.

‘பயன்தரும் மரங்களைச் சேர்த்து வளர்க்கும் இடம்’ என்று எழுதினாள்.

“‘பல மரங்கள்’னு போட வேண்டாமாம்மா?” என்றார் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர்.

“வேண்டாம் சார். எத்தனைன்னு யாருமே சொல்லலை.”

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார், கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் வரை அவளுக்குப் பொறுக்கவில்லை. பட்டறைக்கு போன் செய்து படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம்தான் கேட்டது.

“ஏங்க, கேக்குதா?”

“இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். இவனுங்களும் கேக்கட்டும்.”

மறுபடி படித்தாள். சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. பட்டறையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “அண்ணி, ஸ்பேனருக்கு என்ன போட்டிருக்கீங்க?”

“அந்த எழுத்து கடைசியிலதான் வரும் தம்பி. இன்னும் நாலு வருஷம் ஆகும்.”

“நாங்க எங்க போயிடப் போறோம்?” என்றார் மெக்கானிக். “நீ நிதானமா எழுதும்மா.”