உள்ளங்கை அளவு கட்டம்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர், செவ்வாய்க்கிழமை அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடியில் உள்ளங்கை அளவு கட்டம். அதன் மேல், ‘நடந்தது பற்றிக் குடும்பத்தார் கூற விரும்புவது’ என்று அச்சாகியிருக்கிறது. இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை எழுதாமல் நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

[படிவத்தை வாங்க வெள்ளிக்கிழமை மாலை வருவதாகச் சொன்னார். இன்று வெள்ளி.]

2

முதல் தொடக்கம்: ‘அந்தப் பெண்ணுக்கு வேலையில் கவனம் போதாது.’

அடித்துவிட்டேன். வாக்கியம் நன்றாகத்தான் ஓடுகிறது. பொய்.

அந்தப் பெண் திங்கள் முதல் சனி வரை, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அப்பாவைப் பார்த்துக்கொண்டவள். அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. விழாத கையைத் தூக்கவைத்து எண்ணச் சொல்வாள். அதனால் அவர் வைத்த பெயர் டீச்சர்.

“டீச்சர், பத்து ஆயிடுச்சு.”

“ஏழுதான்பா ஆச்சு. கை விழுந்தா கணக்குமா விழுந்துடும்?”

அப்பா பாதி வாயால் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று என் முறை.

3

இங்கே கதையை நிறுத்திப் படுக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா படுத்திருப்பது காற்றுப் படுக்கை. கை தடிமனில் குறுக்குக் குழாய்கள் வரிசையாக இருக்கும். கால்மாட்டில் தொங்கும் பம்ப், ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில குழாய்களில் காற்றை ஏற்றி மற்றவற்றில் இறக்கும். பத்து நிமிடத்தில் மாற்றிவிடும். தோலுக்கடியில் இரத்தம் ஓடும் மெல்லிய நாளங்கள் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் நெடுநேரம் நசுங்கினால் சதை அழுக ஆரம்பிக்கும். நாமெல்லாம் தூக்கத்திலேயே புரண்டுகொள்கிறோம். அப்பாவுக்குப் பதிலாகப் படுக்கை புரள்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு.

ஒரே குறை, சத்தம். கொதிப்பதற்கு முன் பாத்திரம் முனகுமே, அந்த மாதிரி.*

* பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு மட்டும்தான் இது குறை.

4

ஞாயிறு மதியம் பம்ப் எப்படியோ நின்று

ஞாயிறு மதியம் யாரோ பம்பை

நான் நிறுத்தினேன். அரை மணி நேரம் என்றுதான் நினைத்தேன். அன்று எழுதிய கதையில் ஒரு மகன் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான். எழுத்து பிடி கொடுத்துவிட்டது. நடுவில் எழுந்துபோய் அப்பாவுக்கு ஊட்டினேன், துடைத்துவிட்டேன், விளக்கை அணைத்தேன். பம்ப் ஞாபகமே வரவில்லை. [அந்தக் கதை அச்சாகப் போகிறது.]

திங்கள் காலை எட்டு மணிக்கு அவள் வந்தாள்.

“அண்ணா, பம்ப் ஓடலையே.”

“கரண்ட் போயிருக்கும்.”

என்னை ஒரு தடவை பார்த்தாள். சுவிட்சைப் போட்டாள். அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். இடுப்புக்குக் கீழே சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக ஒரு சிவப்பு. அதை விரலால் அழுத்தினாள். நல்ல தோல் அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்கும். இது வெளுக்கவில்லை; அடியில் புண் ஆரம்பித்துவிட்டது. நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதினாள். அவள் எழுதியதால்தான் மறுநாள் மேற்பார்வையாளர் வந்தார்.

“சனிக்கிழமை கிளம்பும்போது பம்பைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்க. பார்க்காமலே போட்டியா?”

“ஓடிட்டிருந்துச்சு மேடம்.”

“எப்பலேர்ந்து ஓடலைன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“கவனிக்கலைங்க” என்றேன். பம்போடு வந்த கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அவளை அன்றே வேறு வீட்டுக்குக்கூட அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள். புதிதாக வருகிறவள் அப்பாவை எண்ணச் சொல்வதில்லை.

5

முடிவுகளுக்கு வருவோம்.

கரண்ட் போய்விட்டது என்றே முடித்தால்? அந்தப் பம்ப் அதற்கு இடம் கொடுக்காது. கையேட்டின் ஒன்பதாம் பக்கம்: மின்சாரம் நின்றால் பம்ப் உள்ளிருக்கும் பேட்டரியில் கத்தும், யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை கத்தும். சுவிட்சைக் கையால் அணைத்தால் மட்டுமே சத்தமில்லாமல் நிற்கும். இதை நான் செவ்வாயன்றுதான் படித்தேன். அவளுக்கு வேலையில் சேரும்போதே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என் வாயிலிருந்து ‘கரண்ட்’ வந்த நொடியே அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் மேற்பார்வையாளரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் யார் பேச்சு எடுபடும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நான் உண்மையை எழுத, அவள் திரும்பி வந்து “பரவால்லண்ணா” என்று சொல்வது இன்னொரு முடிவு. எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அவள் வாயில் அந்த வார்த்தையை வைக்க நான் யார்?

கட்டத்தை வெறுமையாக விட்டால்? மேற்பார்வையாளர் போகும்போதே சொல்லியிருந்தார்: “எதுவும் எழுதலைன்னா அவ மேல தப்புன்னுதான் எடுத்துக்குவோம் சார். அப்புறம் எங்க லிஸ்ட்ல அவ பேரு இருக்காது.”

6

[இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.]

நேற்று அப்பா கேட்டார்: “டீச்சர் எங்க?”

“லீவுப்பா.”

வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார்: “நீதான... அணைச்ச. எழுதிட்டு இருந்த. அதான்... கூப்பிடல.”

7

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் கட்டத்துக்குக் கீழே ‘குடும்பத்தார் கையொப்பம்’ என்று இருக்கிறது. உங்கள் கையெழுத்து அங்கே செல்லாது.

வாசலில் மணி அடிக்கிறது. புதியவள் கதவைத் திறக்கப் போகிறாள். பக்கத்து அறையில் பம்ப் முனகுகிறது. கட்டத்தில் ‘நான்’ என்று ஒரு சொல் எழுதியிருக்கிறேன். மீதியை எழுதுவேனா? இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்களே சொல்லுங்கள்.