கோபன்ஹேகன் வழியாக

ஸ்டைனார் பிசினஸ் கிளாஸில் டிக்கெட் எடுத்திருக்கிறான் என்றதும் சிசெலுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நிமிடமே சந்தேகம் எழுந்தது.

முப்பது வருடம் கூடவே குடித்தனம் செய்த மனிதன். விமான நிலையத்தில் காபி வாங்கிக் குடிப்பதையே ஊதாரித்தனம் என்பான். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் விடிகாலையில் எழுந்து, ரொட்டித் துண்டுகளுக்கு மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்து, நடுவே மெழுகுத்தாள் போட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்வான். நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் பழுது பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான், ஆனால் இவன் ஒரு படி மேல்.

"நம்ம கல்யாண நாளுக்குத்தானே," என்றான். காது மடல்கள் சிவந்திருந்தன. அவனுக்கு வெட்கமோ பயமோ வந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. காதுதான் காட்டிக்கொடுக்கும்.

"ஆம்ஸ்டர்டாமுக்கு இங்கேருந்து நேரா ஃப்ளைட் இருக்கே. ஒன்றே முக்கால் மணி நேரம். நீ எதுக்குக் கோபன்ஹேகன்ல இறங்கி ஏறணும்ங்கிற?"

"பிசினஸ் கிளாஸ்ல சட்டுனு போய் இறங்கிட்டா என்ன சுகம்? ரெண்டு ஃப்ளைட்னா ரெண்டு தடவை சாப்பாடு."

மகள் டூவா ட்ரொண்ட்ஹைமிலிருந்து ஃபோனில் பேசியபோது, "அப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையாம்மா? டாக்டர் நாள் குறிச்சுட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிசெலும் சிரித்துவைத்தாள்.

சிரிக்க முடியாத காரணம் ஒன்று அவளிடம் இருந்தது. ஜூன் மாதம், அவன் குளித்துக்கொண்டிருந்தபோது சமையல் மேடையில் கிடந்த அவனுடைய ஃபோன் வெளிச்சம் காட்டியது. டென்மார்க் எண். 'ஃப்ரோகோஸ்ட்டுக்கு ஆயிரம் நன்றி. அடுத்த தடவைக்கு ஆசையாகக் காத்திருக்கிறேன். லோனே.' கடைசியில் ஒரு சிவப்பு இதயம்.

ஃப்ரோகோஸ்ட். காலைச் சாப்பாடு.

சிசெல் அதை எத்தனை விதமாகவோ புரட்டிப் பார்த்தாள். ஒரு பெண்ணோடு மாலையில் காபி குடித்தான் என்றால் பரவாயில்லை. மதியம் ஹோட்டலில் சாப்பிட்டான் என்றால் அதற்கும் ஒரு சமாதானம் கிடைக்கும். காலைச் சாப்பாட்டுக்கு என்ன சமாதானம் இருக்கிறது? காலையில் ஒரே மேஜையில் உட்காருகிறவர்கள் முந்தின இரவு எங்கே இருந்தார்கள்? அவன் அந்த வாரம் ஓஸ்லோவில் பயிற்சி என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். ஏப்ரலிலும் அதே ஓஸ்லோ, அதே பயிற்சி. சான்றிதழ்கூடக் கொண்டுவந்து காட்டினான்.

அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

பயணத் தேதி வேறு. முதலில் ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை என்றான். பிறகு வியாழன் என்றான். பிறகு அதுவும் வேண்டாம், செப்டம்பர் முதல் புதன்கிழமை என்றான். "அன்னிக்குத்தான் சரியா வருது," என்றான். யாருக்குச் சரியா வருது என்று அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள், அவனுக்கும் டூவாவுக்கும் தெரியாமல் இன்னொரு டிக்கெட் எடுத்தாள். கோபன்ஹேகனிலிருந்து பெர்கனுக்கு, ஒரே ஒரு ஆள், அதே புதன்கிழமை பிற்பகல். கோபன்ஹேகனில் அந்த லோனே எதிரில் வந்து நின்றால் அங்கிருந்தே வீடு திரும்புவது, பிறகு வக்கீலைப் பார்ப்பது. அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

முதல் விமானத்தில் ஏறியதும் சிசெல் சுற்றிப் பார்த்தாள். "இதுவா? பின்னாடி இருக்கிற அதே சீட்டுதானே?"

"நடுவுல ஆள் உட்கார மாட்டாங்க. பாரு, சின்ன மேஜை போட்டிருக்காங்க. அப்புறம் பின்னாடி திரை இருக்கு."

"யாரும் இல்லாத சீட்டுக்கும் சேர்த்து வாங்கினியா நீ? ஸ்டைனார் நெஸ்ஸே, நீயா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். புதுச்சட்டை. முகத்தில் இரண்டு முறை சவரம் செய்த பளபளப்பு. காலைத் தட்டில் சூடான ஆம்லெட் வந்தது, அவன் தொடவில்லை. ரொட்டிப் பொட்டலத்தையும் பிரிக்கவில்லை. பசியில்லாத ஸ்டைனாரை அவள் அதற்கு முன் அவனுடைய அப்பாவின் சாவின்போதுதான் பார்த்திருக்கிறாள்.

கோபன்ஹேகனில் பிசினஸ் கிளாஸ்காரர்களுக்கான ஓய்வறையில் ஒன்றரை மணி நேரம். ஸ்டைனார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோனைப் பார்த்தான். "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று எழுந்தவன் பாத்ரூம் பக்கம் போகாமல் கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்று யாருடனோ பேசினான். பேசும்போது சிரித்தான். சின்னப் பையன்போல, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். சிசெல் கையிலிருந்த பத்திரிகையை ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்ஸ்டர்டாம் விமானத்துக்கான கேட்டில் வரிசை நகர்ந்தபோது அவள் நின்றுவிட்டாள்.

"நான் வரல."

"என்ன?"

"லோனே யாரு?"

இரண்டு காதும் செக்கச்செவேலென்று ஆயின. பின்னால் நின்ற ஒருவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனார்.

"நீ என் ஃபோனைப் பார்த்தியா?"

"கேள்விக்கு பதில் சொல்லு. நான் திரும்பிப் போக டிக்கெட் வெச்சிருக்கேன். மதியம் ஒன்றரைக்கு ஃப்ளைட்டு."

"உள்ள வா சிசெல். உட்கார்ந்ததும் சொல்றேன்."

"இங்கேயே சொல்லு."

"இங்க சொன்னா நீ போயிடுவ."

"அப்படிப்பட்ட விஷயமா?"

அவன் விமானம் நின்ற பக்கம் பார்த்தான். கடைசியில், "அவ உள்ளதான் இருக்கா," என்றான்.

கல்யாண நாள் பயணம், அதே விமானம். இவனுக்கு என்ன துணிச்சல்! திரும்பி நடக்கத்தான் நினைத்தாள். ஆனால் கால் முன்னால் போயிற்று. எப்படிப்பட்டவள் என்று ஒரு தடவை பார்க்காமல் போனால் வாழ்நாள் முழுக்க இருட்டில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

"நட," என்றாள். "பார்த்துடலாம் அந்த மகராசியை."

மகராசி விமானக் கதவருகிலேயே நின்றிருந்தாள். தலைமைப் பணிப்பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த கூந்தலை உச்சியில் இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். மார்பில் பெயர்ப்பட்டை: லோனே. சிசெலைப் பார்த்ததும் அந்தப் பெண் கையை நீட்டினாள். "வாங்க, வாங்க. உங்களைப் பத்தி அவ்வளவு சொல்லியிருக்கான்," என்றாள்.

சொல்லியிருக்கான்! சிசெல் அந்தக் கையை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஸ்டைனார் ஜன்னலோரம், நடுவில் காலி இருக்கை, இந்தப் பக்கம் அவள். இருக்கை பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். கதவு சாத்தப்பட்ட பிறகுதான் தான் செய்த தப்பு உறைத்தது. இனி இறங்க முடியாது.

"இப்ப சொல்லு."

"மேல போகட்டும். பெல்ட் விளக்கு அணையட்டும்."

"ஏன், அதுக்கும் அவகிட்ட அனுமதி வாங்கணுமா?"

விமானம் மேகத்தைத் தாண்டியது. விளக்கு அணைந்தது. ஸ்டைனார் தொண்டையைச் செருமினான், தண்ணீர் குடித்தான், மறுபடி செருமினான். இதற்குள் ஒலிபெருக்கியில் லோனேயின் குரல், நார்வேக்காரர்களுக்கும் ஓரளவு புரிகிற டேனிஷ் மொழியில் கேட்டது. வானிலை, வேகம், இன்னும் ஒரு மணி நேரம். பிறகு, முன்வரிசைப் பயணிகளுக்குச் சற்று நேரத்தில் ஃப்ரோகோஸ்ட் பரிமாறப்படும்.

சிசெல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்து.

"மதியம் ஒரு மணிக்கு என்ன காலைச் சாப்பாடு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த டேனிஷ்காரர் தலையைத் தூக்கினார். "நார்வேயா நீங்க? எங்க ஊர்ல ஃப்ரோகோஸ்ட்னா மதியச் சாப்பாடு. காலையில சாப்பிடறதுக்கு மோர்யன்மாத்னு சொல்வோம். என் மாப்பிள்ளை ஸ்டவாங்கர்காரன். முதல் தடவை ஃப்ரோகோஸ்ட்டுக்குக் கூப்பிட்டேன், காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். நான் பனியனோட நின்னேன்." அவருக்கு இன்னும் அது சிரிப்பாக இருந்தது. செய்தித்தாளுக்குப் பின்னால் தோள் குலுங்கியது.

சிசெலுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். மதியச் சாப்பாடா? சரி, மதியமாகவே இருக்கட்டும். அப்புறம் எதற்கு ஓஸ்லோ என்று பொய்? எதற்கு அந்த இதயம்? எதற்கு அந்தச் சிரிப்பு?

"அவ என் தங்கச்சி," என்றான் ஸ்டைனார்.

"என்னது?"

"தங்கச்சி. அப்பாவோட பொண்ணு."

"நல்லா இருக்கு. மாட்டிக்கிட்ட ஆம்பளைங்க எல்லாருக்கும் திடீர்னு ஒரு தங்கச்சி முளைப்பா."

"நிஜமா சிசெல். டூவா கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தாளே, டி.என்.ஏ. பார்க்க எச்சில் துப்பி அனுப்புற டப்பா..."

"உன்னோட ரிசல்ட் இன்னும் வரலைன்னியே."

"வந்துது. பிப்ரவரியிலேயே வந்துது." அவன் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கோபன்ஹேகன்ல பாதி ரத்தச் சொந்தம்னு ஒரு பேரு. அப்பா அந்தக் காலத்துல கோபன்ஹேகன் கப்பல்லதானே இருந்தார். எனக்கு அப்ப மூணு வயசு."

மூன்று வயது. சிசெல் கணக்குப் போட்டாள். அப்படியானால் மாமியார் போர்கில்ட் குழந்தை ஸ்டைனாரோடு பெர்கனில் கணவனுக்காகக் காத்திருந்த காலம் அது. அந்த போர்கில்டுக்கு இப்போது எண்பத்து நான்கு. கீழ் வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் சிசெலும் அவளும் சேர்ந்து காபி குடிக்கிறார்கள்.

நம்பலாமா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செத்துப்போன மனிதரை சாட்சிக்குக் கூப்பிடுவது எத்தனை வசதி!

லோனே தட்டுகளோடு வந்தாள். சால்மன் மீன், உருளைக்கிழங்கு, ஒரு துண்டு கம்பு ரொட்டி. ஸ்டைனாரின் முகத்தைப் பார்த்தாள், சிசெலின் முகத்தைப் பார்த்தாள், யார் எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று புரியாமல் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். முகம் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் தூக்கிக் கட்டிய கொண்டைக்குக் கீழே இரண்டு காது மடல்களும் மெல்ல மெல்லச் சிவந்தன. முதலில் நுனி, பிறகு முழுசும்.

சிசெல் திரும்பி ஸ்டைனாரைப் பார்த்தாள். அதே நுனி, அதே சிவப்பு. அந்தக் காதை அவள் டூவாவின் தொட்டிலிலும் பார்த்திருக்கிறாள்.

தட்டை வாங்கி மேஜையில் வைத்தாள். வேறு எதுவும் அப்போது செய்யத் தோன்றவில்லை.

"சொல்லிட்டானா?" என்றாள் லோனே, குரலை இறக்கி. நடைபாதையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அண்ணி, ஒன்னே ஒன்னு சொல்றேன். இது என் யோசனை இல்ல. வீட்டுல உட்கார்த்தி வெச்சுச் சொல்லுடான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நான் எந்த ஃப்ளைட்ல வேலை செய்யறேன்னு மாசாமாசம் கேட்டுக் கேட்டு, தேதி மாத்தி மாத்தி... பாவம், ரெண்டு தடவை என் டியூட்டியை வேற மாத்திட்டாங்க."

"ஏன் இப்படி?" சிசெல் கேட்டது கணவனை.

"வீட்டுல சொல்லியிருந்தா நீ ஷூவை மாட்டிக்கிட்டு மலைமேல ஏறிப் போயிருப்ப. ராத்திரிதான் வந்திருப்ப. வந்தும் பேசியிருக்க மாட்ட." ஸ்டைனார் எச்சில் விழுங்கினான். "இங்கன்னா... எங்கேயும் போக முடியாதுல்ல."

"முன்னாடி சீட்டு எதுக்கு?"

"இவ திரைக்கு முன்னாடிதான் பரிமாறுவா. பின்னாடி உட்கார்ந்தா கையைக்கூட ஆட்ட முடியாது."

லோனே தலையில் அடித்துக்கொண்டாள். அந்த டேனிஷ்காரர் செய்தித்தாளை வெகுநேரமாகத் திருப்பாமல் இருப்பதை சிசெல் கவனித்தாள். கவனித்தும் கவலைப்படவில்லை.

"என்கிட்ட மறைச்சது ஏன்? அதைச் சொல்லு."

"அம்மாகிட்ட நீ எதையும் மறைக்க மாட்ட. அவ உன் முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவா. நான் பொய் சொன்னா ஒரு ஆளுக்குத்தான். உனக்குத் தெரிஞ்சா உன்னையும் தினமும் பொய் சொல்ல வெக்கணும்."

அது கோபத்தைக் கிளப்பியது, ஆனால் மறுக்கவும் முடியவில்லை. பின் வரிசையில் யாரோ மணியை அழுத்தினார்கள். லோனே எழுந்தாள். எழும்போது சிசெலின் தோளைத் தொடலாமா கூடாதா என்று கை பாதியில் நின்றது. சிசெல் அந்தக் கையைப் பிடித்து ஒரு கணம் அழுத்திவிட்டு விட்டாள்.

"இறங்கினதும் ஓடிடாதீங்க," என்றாள் லோனே. "எனக்கு மூணு மணி நேரம் ஓய்வு இருக்கு."

"நான் எங்க ஓடறது? உங்க அண்ணன்தான் எல்லாக் கதவையும் சாத்திட்டானே."

லோனே போனதும் சிசெல் மீனைச் சாப்பிட ஆரம்பித்தாள். அவளுக்குத்தான் பசித்தது, ஸ்டைனார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே வட கடல் மேகத்துக்குள் இருந்தது.

"ஓஸ்லோ சான்றிதழ்?" என்றாள் திடீரென்று.

"எது?"

"ஏப்ரல்ல கொண்டுவந்து காட்டினியே. முத்திரை எல்லாம் இருந்துதே."

"அது... ஆபீஸ்ல நானே அடிச்சேன்."

"முத்திரை?"

"ஸ்கேன் பண்ணிப் போட்டேன்."

சிசெல் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். முப்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்திருந்த மனிதனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவன் என்று நினைத்தவன் ஆறு மாதத்துக்கு மேல் முத்திரையோடு பொய் சொல்லியிருக்கிறான். இன்னும் எங்கே எங்கே என்ன முத்திரையோ.

"முதல்லேருந்து சொல்லு," என்றாள். "அந்த ரிசல்ட் வந்த நாள்லேருந்து. எங்க போன, எங்க படுத்த, என்ன சாப்பிட்ட, யாருகிட்ட என்ன பொய் சொன்ன, எல்லாம். ஒன்னு விட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

"எல்லாமா?"

"எல்லாம். அதுக்கப்புறம்தான் அத்தைகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிக்கணும்."

அவன் தலையாட்டினான். பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மழை என்று ஆரம்பித்தான். "செவ்வாய் இல்ல, புதன்," என்று அவள் திருத்தினாள். அன்றைக்குத்தான் மருந்துக்கடையில் அவளுக்கு மாலை வேலை. எந்த நேரம், யார் முதலில் எழுதியது, அதை எங்கே ஒளித்துவைத்தாய் என்று அவள் இடையிடையே கேட்டுக்கொண்டே வந்தாள். விமானம் ஆம்ஸ்டர்டாமில் இறங்கச் சாய்ந்தபோது அவன் இன்னும் ஏப்ரல் மாதத்தை எட்டவில்லை.