தீபம் காட்டும் வரை

கண்ணைத் திறக்காமல் தீபம் காட்டும் வரை பாடினால் கேட்டது கிடைக்கும் என்று குழந்தைகளிடம் சொன்னவர் மைக் தாத்தா. பஜனைக் குழுவின் தலைவர். கைக்கு வந்த மைக்கை லேசில் விடமாட்டார் என்பதால் அந்தப் பட்டம். அவர் சொன்னதில் தெய்வ ரகசியம் ஒன்றும் கிடையாது. முன்வரிசை வாண்டுகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு பாட்டைக் கெடுத்தன. கண்ணை மூடவைத்தால் அடங்கும் என்று ஒரு போடு போட்டார், அவ்வளவுதான். அவையும் அரைக்கண்ணால் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே சைக்கிளும் லீவும் கேட்டன.

டிங்கரின் மகள் மட்டும் அதை அப்படியே நம்பித் தொலைத்தாள்.

டிங்கர் என்றால் நசுங்கிய கார்க் கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவன். வாரம் முழுக்கச் சுத்தியல் பிடிக்கும் கை, சனிக்கிழமை சாயங்காலம் பஜனையில் டோலக் வாசிக்கும். இந்த வாரம் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தான். அவனுடைய சின்னவன் மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். உள்ளே அம்மாவை மட்டும்தான் விட்டார்கள்.

"வெளிய பெஞ்சுல உக்காந்து என்ன செய்யப் போறீங்க? இன்னைக்கு உங்க புள்ளைக்காகத்தான் பாடுறோம். வந்து வாசிங்க," என்று மைக் தாத்தா போனில் கூப்பிட்டார். மகள் அதற்கு மேல்.

"நான் தீபம் வரைக்கும் கண்ணே தொறக்க மாட்டேன்பா. தம்பி எந்திரிச்சிருவான், பாருங்க."

மச்சினனை ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்திருக்கக்கூடாது.

அச்சகத்துக்கு மேலே இருந்தது அந்த மாடி அறை. ஜமுக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் சாமி படங்கள், ஓரத்தில் கடகடவென்று ஒரு மின்விசிறி. மகள் முன்வரிசையில் கண்ணை இறுக்கி மூடி, தொண்டை நரம்பு புடைக்கப் பாடினாள். கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஒரு அம்மாள் அதைப் போனில் படம் பிடித்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், "இந்த வயசுல என்ன பக்தி பாருங்களேன்," என்றாள். அது பக்தியில்லை, பயம் என்று அப்பனுக்குத் தெரியும்.

டோலக்குக்குப் பக்கத்தில் போனை மல்லாக்க வைத்திருந்தான். பாட்டு உச்சத்தில் இருந்தபோது அது ஒளிர்ந்தது.

'மாமா, போயிட்டான். அக்கா பேசவே மாட்டேங்குது. வாங்க.'

கை நின்றது. ஒரு தட்டு தப்பியது. மைக் தாத்தா கண்ணைத் திறக்காமலே முகம் சுளித்தார். அடுத்த தட்டில் டிங்கர் தாளத்தைப் பிடித்துவிட்டான்.

எழுந்து ஓடத்தான் உடம்பு துடித்தது. ஆனால் மகளைத் தொட்டு எழுப்பவேண்டும். எழுப்பினால் கண்ணைத் திறப்பாள். திறந்ததும் இதைச் சொன்னால், தான் கண்ணைத் திறந்ததால்தான் தம்பி போனான் என்று சாகும்வரை நினைப்பாள். தீபம் வரைக்கும் பாடி முடித்துவிட்டால், நான் சரியாகத்தான் பாடினேன், சாமிதான் ஏமாற்றிவிட்டது என்று சாமியைத் திட்டுவாள். திட்டட்டும். சாமி தாங்கும், இவள் தாங்கமாட்டாள்.

அதனால் வாசித்தான். அங்கே பெண்டாட்டி பிள்ளையின் உடம்போடு தனியாக இருக்க, இங்கே அவன் கை தன் பாட்டுக்கு வாசித்தது. பாழாய்ப்போன பாட்டு முடியவே மாட்டேனென்றது. ஒன்று முடிந்தால் மைக் தாத்தா இன்னொன்றை எடுத்தார். "இந்தக் குழந்தையைப் பாருங்க, பக்தின்னா இதுதான்," என்று மைக்கில் வேறு சொன்னார்.

கடைசியில் மணி அடித்தது. கற்பூரம் ஏற்றித் தீபம் காட்டினார்கள். மகள் கண்ணைத் திறந்தாள். தீபத்தைப் பார்க்கவில்லை, திரும்பி அப்பனைத்தான் பார்த்தாள்.

டோலக்கை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். கடைசிப் படியில் உட்காரவைத்து, முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"தம்பி போயிட்டான்டா கண்ணு."

அவள் அழவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சரியாத்தான் பாடினே. கண்ணே தொறக்கல. அப்பா பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"தொறந்தேன்பா."

"இல்லடா."

"நடுவுல உங்க தாளம் தப்புச்சில்ல? என்னாச்சுன்னு பாத்தேன். நீங்க குனிஞ்சு போனைப் பாத்துட்டிருந்தீங்க. உடனே மூடிட்டேன்."

டிங்கரிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. பொய்கூட இல்லை, சத்தியமான பதில். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அப்பா சொல்றதைக் கேளு. மாமா மெசேஜ் அனுப்பினான், அதைப் படிச்சுத்தான் எனக்குத் தாளமே தப்புச்சு. நீ கண்ணைத் தொறக்கறதுக்கு முன்னாடியே தம்பி போயிட்டான். நீ தொறந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. புரியுதா?"

அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. மேலே ஜமுக்காளம் உதறும் சத்தம் கேட்டது.

"அப்போ அதுக்கு முன்னாடியும் எப்பவோ தொறந்திருப்பேன்பா," என்றாள். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.