அன்று பிறந்த நாற்பது குப்பிகள்

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு 'ஆறு மாசம்' என்று பெயர். முனைவர் பட்டம் எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் மூன்று வருடங்களாக அவன் சொல்லிவரும் பதில் அது. சொன்ன சொல் மாறாதவன்.

போன திங்கட்கிழமை மாறிவிட்டான். அம்மா போனில் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, வெள்ளிக்கிழமை முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டான். பொய்யில்லை. புது மருந்து தின்ற இருபது எலி, தின்னாத இருபது எலி. அவற்றின் ஈரல் துண்டுகள் நாற்பது குப்பிகளில் உறைபெட்டிக்குள் காத்திருந்தன. பாக்கி ஒரே ஒரு சோதனை. அது முடிந்தால் ஆய்வேட்டில் நெறியாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார். நன்றியுரையைக்கூட எழுதி வைத்திருந்தான். அதில் நெறியாளருக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

எந்தக் குப்பி எந்த எலியுடையது என்பதை மார்க்கர் பேனாவால் குப்பி மேலேயே எழுதியிருந்தான். முதலில் ஸ்டிக்கர்தான் ஒட்டினான். கதவருகே நின்றபடி அதைப் பார்த்த நெறியாளர், துணிக்கடை மாதிரி இருக்கிறது, பிய்த்துப் போடு என்று சொல்லிவிட்டார். அவர் அந்தக் கதவைத் தாண்டிப் பல வருடமாகிறது. உள்ளே நடப்பதைப் பற்றி மாநாடுகளில் பேசவே அவருக்கு நேரம் போதவில்லை.

வியாழக்கிழமை பார்வையாளர் குழு வருவதாகத் தகவல். அன்று காலை நெறியாளர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். ஆறு மாசம் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் காரியம் முடிந்திருந்தது.

"உன் பெட்டியத் தொறந்து பாத்தேன், ஒரே அழுக்கு. எல்லாத்தையும் வெளிய கொட்டி, நானே ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு அடுக்கிட்டேன். இப்ப பாரு."

பார்த்தான். நாற்பதும் அன்று பிறந்த குழந்தைகள் போலப் பளபளத்தன. ஒன்றுக்கும் பெயரில்லை. ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மை ஓடிப்போகும் என்பது நேற்றுச் சேர்ந்த மாணவிக்கும் தெரியும். அவள் உடனே நுண்ணோக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"எது மருந்து தின்ன எலின்னு இனிமே தெரியாது சார்" என்றான் ஆறு மாசம்.

நெறியாளர் தன் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். நீலமாக இருந்தது. அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"இதுக்குத்தான் ஸ்டிக்கர் ஒட்டணுங்கிறது. ஆறு வருஷமா இங்க என்னதாம்ப்பா கத்துக்கிட்ட?"

புது எலிகள் வேண்டும், அவை வளர வேண்டும், மருந்து தின்ன வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். எண்ணவே தேவையிருக்கவில்லை. வராந்தாவுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, இன்னும் ஆறு மாசம் ஆகும்மா."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா. நீ திடீர்னு வெள்ளிக்கிழமைன்னு சொன்னதும், புள்ளைக்கு உடம்புக்கு என்னமோ ஏதோன்னு நாலு நாளா எனக்குச் சோறே எறங்கலடா."