இரண்டாவது டேக்

மார்ச் கடைசியில் பெரிய பல்கலைக்கழகங்கள் அட்மிஷன் முடிவை வெளியிடும் நாளன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிடும். பிள்ளை கம்ப்யூட்டரில் முடிவைப் பார்ப்பதைக் குடும்பமே கூடி நின்று வீடியோ எடுக்கும். இடம் கிடைத்தால் உலகத்துக்கே காட்டும். கிடைக்காவிட்டால் வீடியோவே எடுக்கவில்லை என்று சாதிக்கும்.

இந்தப் பைத்தியத்துக்கு என் தம்பி வெண்டல்தான் தலைவன். மகள் மாரிட் கிழக்குக் கரையில் ஒரு பழம்பெரும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் விண்ணப்பித்தாள் என்பது பேச்சுக்கு. விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையின் தலைப்புகூட இவன் வைத்ததுதான். அவள் ஆசைப்பட்டது பக்கத்து ஊர்க் கல்லூரியில் பால்பண்ணைப் படிப்பு. அங்கே இடமும் கிடைத்துவிட்டது. வேறு எதுவுமே கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இவன் அதை ஒதுக்கி வைத்திருந்தான்.

அப்பனிடம் வாயைத் திறந்து சொல் என்று மாரிட்டிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அங்க எனக்கு எப்படியும் கிடைக்காது அத்தை. எதுக்கு வீணா சண்டை?" என்றாள்.

அன்று சாயங்காலம் வெண்டலும் அவன் மனைவி டோரீனும் பல்கலைக்கழகப் பெயர் போட்ட பனியனோடு தயாராக நின்றார்கள். போன் என் கையில். மாரிட் பக்கத்தைத் திறந்தாள். திரையில் வண்ணக் காகிதங்கள் கொட்டின, பல்கலைக்கழகப் பாட்டு முழங்கியது. பாழாய்ப் போனவர்கள் இடம் கொடுத்துவிட்டார்கள்.

வெண்டல் போட்ட கூச்சலில் நாய் சோபாவுக்கு அடியில் புகுந்தது. அவன் குதித்த குதியில் என் கையைத் தட்டிவிட்டதால், போனில் பதிவானது வீட்டுக் கூரை மட்டும்.

ஒன்றும் கெட்டுவிடவில்லை, மறுபடி எடுக்கலாம் என்றான் வெண்டல். எங்கள் ஊரில் பாதி வீடியோ இப்படி இரண்டாம் தடவை எடுத்ததுதான். இம்முறை மகள் முகம் மட்டும் தெரியட்டும் என்று அவனும் டோரீனும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

மாரிட் பக்கத்தை மூடித் திறந்தாள். போன் திரையில் தெரிந்தது பல் பிடுங்கக் காத்திருப்பவளின் முகம்.

"முதல்ல கத்தின மாதிரியே கத்தும்மா," என்றான் வெண்டல்.

"நான் கத்தலப்பா. நீங்கதான் கத்துனீங்க."

அதுவரை ஆனந்தக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த டோரீன் அழுகையை நிறுத்தினாள். எனக்கு அந்தக் குழந்தையைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் தம்பிக்கோ வீடியோ கவலை.

"சரி, கத்த வேணாம். சந்தோஷமான விஷயம் எதையாச்சும் நெனச்சுட்டு கொஞ்சம் சிரி."

 மாரிட் பால்பண்ணைக் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று ஒரு கன்று பிறந்ததையும், ஈரம் காய்வதற்குள் அது எழுந்து நின்று இவள் சட்டையைச் சப்பியதையும் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது. முதல் வருஷமே ஆளுக்கொரு கன்றைக் கொடுத்துவிடுவார்களாம். கைகள் பறந்தன, மூச்சுவிடக்கூட நிறுத்தவில்லை.

வெண்டல் என் தோளுக்கு மேலாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். போதும், நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"இரு அக்கா," என்றான். "அவ பேசட்டும்."

அந்த வீடியோவைத்தான் அன்றிரவு ஊருக்குக் காட்டினான். இவ்வளவு பூரிப்பு எந்தக் கல்லூரிக்கு என்று எல்லோரும் கேட்டார்கள். அவனே பதில் எழுதினான்: "மாட்டுக் கல்லூரி."